திருமலை நாயக்கர் மகாலுக்குள் படம் எடுக்க: முதன்முறை போகிறவர்களுக்கு

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைகிறவர்கள் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுவார்கள். எதிரே திறந்த முற்றம், சுற்றிலும் ஒற்றை ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் உருண்டைத் தூண்கள், அவற்றின் தலையில் வளைவுகள். கை தானாகப் போனை எடுக்கும், முகம் நிமிரும், ஒரு படம் விழும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே நின்றபோது வந்த மலைப்பு படத்தில் இருக்காது. தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், பாதிப் படம் வெளிறிய வானமாக இருக்கும், மண்டபத்தின் உள்பகுதி கரிப்பிடித்த மாதிரி இருண்டிருக்கும்.

என் முதல் படங்களும் அப்படித்தான் வந்தன. அதற்கப்புறம் பல வருடங்களாகப் போய்ப் போய்ப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. இந்தக் கட்டடத்தில் படம் அமைவதும் அமையாததும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. லென்ஸ், செட்டிங் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. கையில் இருப்பது போனோ பெரிய கேமராவோ, கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

போவதற்கு முன்

காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 5 மணி வரை பார்க்கலாம். திறந்தவுடன் உள்ளே இருங்கள். பத்தரை மணிக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் வரத் தொடங்கினால் முற்றம் நிறைந்துவிடும். நுழைவுச் சீட்டோடு கேமராவுக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். முக்காலி (டிரைபாட்) கொண்டுபோவதாக இருந்தால் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். இது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். காவலர் வந்து கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட முதலிலேயே கேட்பது மரியாதை. பராமரிப்பு வேலை நடக்கும் காலங்களில் சில பகுதிகளை அடைத்திருப்பார்கள், சாரம் கட்டியிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விசாரித்துவிட்டு வாருங்கள்.

லென்ஸ் என்று பார்த்தால் 24 எம்எம்மில் (இந்த எண் சிறிதாகச் சிறிதாகக் காட்சி அகலமாகும்) தொடங்கும் சாதாரண ஜூம் ஒன்று போதும். லென்ஸ் துடைக்க ஒரு துணி வேண்டும். போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துணி இன்னும் அவசியம். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் முற்றத்து வெளிச்சம் பட்டால் படம் முழுக்கப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும்.

முதல் அரை மணி நேரம்: கேமரா பைக்குள்

இதைச் சொன்னால் பலர் கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன். முதலில் ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

1636ல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதி மட்டும்தான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சமிருந்ததும் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் செப்பனிட ஏற்பாடு செய்தார். இது தெரிந்து நடந்தால் கண்ணுக்கு ஒன்று படும். செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையுமாக (சுதை என்றால் சாந்தில் வடிக்கும் வேலைப்பாடு) எழுந்த கட்டடம் இது. பக்கத்திலேயே இருக்கிற மீனாட்சி அம்மன் கோயிலின் கல்லுக்கு உள்ள கூர்மையான விளிம்பு இதற்குக் கிடையாது. எல்லா ஓரமும் கொஞ்சம் மழுங்கி, வழவழவென்று வளைந்து போகும். அந்த மென்மையைக் காட்டப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். எதிரிலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் சுதை வேலை தட்டையாகிவிடும்.

அதனால் நடக்கும்போது சூரியன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கு வாசல் வழியாக வருகிறீர்கள். முற்றத்தைத் தாண்டி எதிரே மேற்கில் இருப்பது சொர்க்க விலாசம், அரசர் கொலு வீற்றிருந்த இடம். காலை வெயில் முற்றத்தைக் கடந்து போய் அந்த முகப்பில் விழும். மாலை நாலு மணிக்கு நிலைமை தலைகீழ். அப்போது கிழக்குப் பக்கத் தாழ்வாரத்துக்குள் வெயில் நீளமாக இறங்கி, தூண் நிழல்கள் தரையில் கோடு கோடாகப் படுக்கும். ஒரே நாளில் இரண்டையும் எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் எது வேண்டும் என்று முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

உச்சி வெயிலில் கட்டடம் எடுக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்பகுதிக்கு அது முழுக்கச் சரியில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதுரையில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் முற்றத்துத் தரையில் பட்ட வெளிச்சம் எகிறி மேலே போய், வளைவுகளின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து விளக்குப் பிடித்த மாதிரி காட்டும். வளைவின் விளிம்பில் இதழ் இதழாக வெட்டியிருப்பது அப்போது தெரிகிற அளவுக்கு வேறெப்போதும் தெரியாது.

தூணை நிமிர்ந்து நிற்க வைப்பது

புதிதாகப் படம் எடுப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் முதல் பாடம் இதுதான். மற்றதெல்லாம் இதன்மேல் நிற்பவை.

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிறதே, அதேதான் இங்கே செங்குத்தாக நடக்கிறது. கேமராவின் முதுகு தூணுக்கு இணையாக, அதாவது நட்டுக்குத்தலாக இருந்தால் தூண்களும் நேராக நிற்கும். போனில் கட்டம் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரேமின் இடது ஓரத்துத் தூணைக் கட்டக்கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் வலது ஓரத்துத் தூண். இரண்டும் கோட்டுக்கு இணையாக வந்தால் சரி. நடுத்தூணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா சாய்ந்திருந்தாலும் நடுவில் உள்ளது நேராகத்தான் தெரியும்.

உடனே ஒரு சிக்கல் வரும். கேமராவை நேராகப் பிடித்தால் தூணின் தலை வெட்டுப்படுகிறது, கீழே பாதிப் படம் தரையாக இருக்கிறது. இதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி பின்னால் நகர்வது. எவ்வளவு என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. போனின் சாதாரண கேமராவையோ 24 எம்எம் லென்ஸையோ நெட்டுக்குத்தாகப் பிடித்தால், 10 அடி தள்ளி நிற்கும்போது கேமரா மட்டத்துக்கு மேல் சுமார் 7 அடி தெரியும். 20 அடிக்கு 14. அப்படியானால் தரையிலிருந்து 40 அடி உயரம்வரை படத்தில் வேண்டுமென்றால், கேமரா 5 அடியில் இருக்கும்போது மீதி 35 அடிக்கு நீங்கள் 50 அடி தள்ளி நிற்க வேண்டும். முற்றம் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும். தாழ்வாரத்துக்குள் கொடுக்காது. அதனால்தான் முழுத்தூண் படத்தை முற்றத்தின் எதிர்ப்பக்கம் போய் எடுக்கிறோம்.

இரண்டாவது, உயரமான இடத்தில் ஏறி நிற்பது. சொர்க்க விலாசத்துப் படிகளில் நின்று முற்றத்தைப் பார்த்தால் சில அடி உயரம் கிடைக்கும், தரை குறையும். இரவு ஒலி ஒளிக் காட்சிக்காக முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்து இடைஞ்சலாக இருந்தாலும் இங்கிருந்து அவை கீழே அடங்கிப் போகும், வேண்டாததை வெட்டிவிடலாம்.

மூன்றாவது, தேவைக்கு மேல் அகலமாக எடுத்துக்கொண்டு கீழே உள்ள தரையை அப்புறம் வெட்டுவது. இன்றைய போன்களில் இதற்குப் போதுமான அளவு பிக்சல் இருக்கிறது. தயங்க வேண்டாம்.

போனில் 0.5 என்று இருக்கும் மிக அகலக் கேமராவை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். எல்லாம் உள்ளே அடங்குகிறதே என்று ஆசையாக இருக்கும். ஆனால் ஓரத்தில் வரும் உருண்டைத் தூண் பக்கவாட்டில் இழுபட்டு உப்பிவிடும், ஓரத்தில் நிற்கும் ஆளின் தலையும் அப்படியே. எதிர்ச்சுவர் எங்கோ தூரத்துக்கு ஓடிவிடும். மகாலின் கனம் பறிபோவது இதில்தான். தூண் தூணாகத் தெரிய வேண்டுமென்றால் 24 முதல் 35 எம்எம் வரை போதும்.

மேலே பார்த்துச் சாய்த்தே எடுக்கக் கூடாதா என்றால், எடுக்கலாம். அப்படி எடுப்பதானால் துணிந்து நன்றாகச் சாய்த்து எடுங்கள். கொஞ்சமாகச் சாய்ந்த படம்தான் தவறிப்போன படமாகத் தெரியும்.

நடுக்கோட்டைப் பிடிப்பது

தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்றால் இரண்டு பக்கமும் தூண் வரிசை ஓடி, வளைவுக்குள் வளைவாகத் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். இந்தக் காட்சிக்கு நடுவில் நிற்பது முக்கியம். ஒரு சாண் விலகினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

நடு என்று கண்ணால் மதிப்பிட்டு நிற்பது போதாது. இப்படிச் செய்யுங்கள். இடப்பக்கம் முதல் தூணுக்குப் பின்னாலிருந்து இரண்டாவது தூண் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதே அளவு வலப்பக்கமும் எட்டிப் பார்க்கிறதா? வலது பக்கம் அதிகமாகத் தெரிந்தால் நீங்கள் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கிறீர்கள். அரை அடி வலப்பக்கம் நகருங்கள். கேமராவைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்துங்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு ஏன் சரியாகவில்லை என்று குழம்புகிறார்கள். இடைவெளிகள் சமமான பிறகு, தூரத்து வளைவு ஃபிரேமின் நடுவில் வரும்படி கேமராவை மெல்லத் திருப்புங்கள். கடைசியாகத் தரையில் குறுக்கே ஓடும் ஒரு கோட்டைப் பாருங்கள், படிக்கட்டின் விளிம்பு இருந்தால் இன்னும் நல்லது. அது ஃபிரேமின் கீழ்விளிம்புக்கு இணையாக இருந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடித்தால் தரை சுருங்கிக் கூரை வளரும், தலைக்கு மேல் தூக்கினால் தரை விரியும். வெயில் கோடுகள் தரையில் விழும் மாலையில் தூக்கிப் பிடிப்பேன், காலையில் தாழ்த்துவேன்.

சமச்சீரான படம் நாலைந்து கிடைத்ததும் அதை விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மகால் வேறு விதமாகவும் பேசும். மூலையில் நின்று இரண்டு தாழ்வாரங்களும் இரு பக்கமாகப் பிரிந்து ஓடுவதை எடுக்கலாம். ஒரு தூணுக்கு ஒட்டினாற்போல நின்று, அதன் இருண்ட விளிம்பை ஃபிரேமின் ஒரு பக்கம் முழுக்க நிரப்பி, மீதியில் வெளிச்சமான முற்றத்தைக் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அருகில் ஒரு தூண், நடுத்தூரத்தில் ஒரு வளைவு, அதற்குள் தொலைவில் சொர்க்க விலாசம் என்று மூன்று அடுக்கு வரும்போது, தட்டையான படத்தில் ஆழம் பிறக்கிறது. அருகில் இருக்கும் தூணும் பின்னால் வரும் தூணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இடையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டால் ஓர் எட்டு தள்ளி நில்லுங்கள்.

ஆள் வேண்டும்

ஆளே இல்லாத படம்தான் கட்டடப் படம் என்று பலர் நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வெற்று மண்டபத்தில் தூண் பத்தடியா நாற்பதடியா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? தூணடியில் ஒருவர் நடந்து போகட்டும். அப்போதுதான் அளவு விளங்கும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளைத் துரத்தாதீர்கள். முதலில் ஃபிரேமைக் கட்டிவிட்டு, இரண்டு தூண்களுக்கு நடுவில் ஆள் வர வேண்டிய வெற்றிடத்தைத் தீர்மானித்துவிட்டுக் காத்திருங்கள். யாராவது வருவார்கள். நடை விரிந்து கால்கள் பிரியும் கணத்தில் அழுத்துங்கள். தூணோடு உருவம் ஒட்டினால் ஆள் காணாமல் போவார். சிவப்பு, கிளிப்பச்சை நிறப் புடவையோ குழந்தையின் சட்டையோ அந்த வெளுத்த தூண்களுக்கு முன்னால் எப்படி எடுபடும் என்பதை நீங்களே பாருங்கள். முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு நெருக்கம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், குழந்தையென்றால் பெற்றவரிடம். “அண்ணே, அந்தத் தூண் பக்கத்துல ஒரு நிமிஷம் நிக்கிறீங்களா?” என்று கேட்டால் மதுரையில் முகம் சுளிப்பவர் குறைவு. படத்தைக் காட்டினால், தங்கள் போனிலும் ஒன்று எடுத்துத் தரச் சொல்வார்கள். எடுத்துக் கொடுங்கள்.

வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில்

முற்றம் கண் கூசும், மண்டபத்தின் உள்ளே மங்கல். நம் கண் இரண்டையும் பார்த்துவிடும், கேமராவால் ஒரே சமயத்தில் முடியாது. வெளிச்சப் பகுதி வெந்து வெள்ளையாகிவிட்டால் அதை மீட்க வழியில்லை. இருட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஆகவே வெளிச்சத்தைக் காப்பாற்றுங்கள். போனில் வெயில் பட்ட பகுதியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். கேமராவில் ரா (RAW, பதிவானதை அப்படியே வைக்கும் கோப்பு) வடிவத்தில் எடுங்கள். முக்காலிக்கு அனுமதி கிடைத்திருந்தால் ஒரே ஃபிரேமை மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்), இரண்டு ஸ்டாப் குறைத்து, சரியாக, இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பின்னால் சேர்க்கலாம். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்.

முக்காலியோடு எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியை உணரும் அளவு), ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை. கையில் பிடித்தால் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை வைத்து, ஷட்டர் 1/30 நொடியைவிட நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து போகும் ஆள் தெளிவாக வேண்டும் என்றால் 1/125 வேண்டும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிய படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் வேண்டாம். தூரம் இரட்டித்தால் ஃபிளாஷின் ஒளி நாலில் ஒன்றாகக் குறையும். பக்கத்துத் தூண் வெளுக்கும், மண்டபம் இன்னும் கறுக்கும், அவ்வளவுதான்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்கை, தானாக இயங்க விடாதீர்கள். ஃபிரேமுக்குள் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். பகல் வெளிச்சம் என்று ஒன்றில் நிறுத்திவிட்டால் சுண்ணாம்பின் மெல்லிய பழுப்பு ஒரே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் ஒன்றுபோல் இருக்கும்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858ல் மதுரைக்கு வந்து இந்த மகாலைப் படம் எடுத்தார். நேப்பியர் கை வைப்பதற்கு முந்தைய சிதைந்த மகால் அது. மெழுகு ஏற்றிய காகிதத்தில் பெரிய பெரிய நெகட்டிவ்கள், ஒவ்வொன்றுக்கும் நீண்ட எக்ஸ்போஷர். ஒரு படத்துக்கு அத்தனை பாடு என்றால் எங்கே நிற்பது என்று எவ்வளவு யோசித்திருப்பார்! அவருடைய மதுரைப் படங்களை இணையத்தில் பெரிய அருங்காட்சியகங்களின் தொகுப்புகளில் தேடிப் பாருங்கள். போவதற்கு முந்தின இரவு பார்த்தால் மறுநாள் கால் தானாக நிதானிக்கும்.

கூரையும் சின்ன வேலைப்பாடுகளும்

சொர்க்க விலாசத்துக் குவிமாடத்தின் நேர் கீழே போய், கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து, பத்து நொடி டைமர் போட்டு விலகிவிடுங்கள். போன் என்றால் முன்கேமராவைப் போட்டுக் கீழே வைத்தால் போதும், திரையிலேயே மையம் தெரியும். வட்டம் நாலு ஓரத்துக்கும் சமதூரத்தில் வரும்வரை விரல் விரலாக நகர்த்துங்கள். நடைவழியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

மகாலின் இன்னொரு மண்டபமான நாடகசாலை இருட்டானது. சொர்க்க விலாசத்தில் கை பழகிய பிறகு அங்கே போங்கள்.

சுதை யாளிகளையும் வளைவுகளின் இடைவெளியில் உள்ள வேலைப்பாட்டையும் கீழே நின்று நிமிர்ந்து எடுத்தால் தாடை மட்டும் தெரியும். எதிர்த் தாழ்வாரத்துக்குப் போய் 85 முதல் 200 எம்எம் வரை ஜூம் செய்து எடுங்கள். தூரம் கூடக் கூட அண்ணாந்து பார்க்கும் கோணம் குறையும். நல்ல வெளிச்சம் எட்டாத நாளில் இதைத் தொட வேண்டாம். தூண்களில் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கணினியில் அழித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அழிப்பதில்லை; கிறுக்கல் இல்லாத பக்கத்தைத் தேடி நிற்பேன், கிடைக்காவிட்டால் இருப்பதை இருக்கிறபடி எடுப்பேன். படத்துக்காகத் தூணில் சாய்வது, அடிப்பீடத்தில் ஏறி நிற்பது எதுவும் வேண்டாம். சுதை பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் தூண் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். ஸ்னாப்சீட் செயலியில் இதைச் சரிசெய்யத் தனி வசதி உண்டு, இலவசம். லைட்ரூமிலும் உண்டு. நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். அதிகம் சாய்ந்த படத்தை முழுக்க நிமிர்த்தினால் மேல்பகுதி ஊதிக் கட்டடம் முன்னால் விழுவது போல ஆகும். அப்படிப்பட்ட படத்தை விட்டுவிட்டு இன்னொரு நாள் போய் எடுங்கள்.

அப்படி இன்னொரு நாள் போகும்போது பத்துத்தூண் சந்துக்கும் நடந்து போங்கள், விளக்குத்தூணுக்குப் பக்கம்தான். அதே அரண்மனையிலிருந்து தப்பி நிற்கும் பத்துக் கல்தூண்கள் அங்கே கடைகளுக்கு நடுவில் வரிசையாக நிற்கின்றன. பின்னால் நகர இடமே கிடையாது. 10 அடிக்கு 7 அடி என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. முழுத்தூணை விட்டுவிட்டு, தூணின் அடியையும் அதை ஒட்டித் திறக்கும் கடை வாசலையும் மட்டும் ஃபிரேமுக்குள் கொண்டுவாருங்கள். கடைக்காரர்கள் கதவைத் தூக்கிச் சரக்கை வெளியே அடுக்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு மேல் சந்தில் நின்று கேமராவைத் தூக்க வழியிருக்காது.